தூண்டிற்கோலில் யார் பெயர்?

சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில், எம்முடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் நீண்ட துணிப்பையொன்றைக் கொண்டுவந்து எமது மேசைமீது வைத்தார். பையினுள்ளே, மூன்று துண்டுகளாகக் கழற்றி வைக்கப்பட்ட பழைய தூண்டிற்கோல் ஒன்று இருந்தது. மூங்கிலாற் செய்யப்பட்டது, எனினும், நம்மூர்ச் சிறுவர் ஓடைக்கரையிற் பிடித்திருக்கும் முழு மூங்கிற் றடியன்று. ஆறு மெல்லிய மூங்கிற் சிலாகைகளைச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி, ஆறு பட்டையாக உருவாக்கிய கோல். தக்கையாலான கைப்பிடிக்குச் சற்று மேலே, ஒரு பட்டையிற் பொன்னிற எழுத்துக்களில் ஆங்கிலக் கம்பனியொன்றின் பெயர் காணப்பட்டது. எழுத்துக்களிற் பாதி உரிந்துவிட்டன. அதற்கு அடுத்த பட்டையில், கறுப்பு மையினால் எழுதப்பட்ட நுணுக்கமான சாய்வெழுத்தில், வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயர் இருந்தது.

அத்துரை மலையகத் தோட்டமொன்றை நடத்தியவர். நண்பரின் பாட்டனார் அவருடைய பங்களாவில் அப்புவாக வேலை செய்தவர். துரை மீன்பிடிக்கப் போகும் நாட்களிற் கோலைச் சுமந்து சென்றவரும், திரும்பியபின் ஈரந் துடைத்து நிழலில் உலர்த்திவைத்தவரும் அவரே. 1950களின் இறுதியில் துரை தம் நாடு திரும்பியபோது, கொண்டுசெல்ல விரும்பாத சில பொருள்களோடு இக்கோலையும் அவரிடம் விட்டுச்சென்றார்.

"எழுத்து அழிஞ்சிக்கிட்டே போகுது சேர். உங்க கையெழுத்து நல்லாருக்கும். நீங்கதான் திரும்ப எழுதித் தரணும்" என்றார் நண்பர்.

எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டோம். பேனாவைக் கையில் எடுத்தபின்னரே ஐயம் பிறந்தது. எதனை எழுதுவது? உரிந்துபோன கம்பனிப் பெயரையா? துரையின் பெயரையா? இக்கோலின்மீது பெயர் எழுதப்பெறும் உரிமை உண்மையில் யாருக்கு உண்டு? ஒரு பொருளின்மீது எழுதப்பட்டிருக்கும் பெயர், அப்பொருள் எவ்வாறு பிறந்தது என்பதை வெளிப்படுத்துவதும் உண்டு, மறைப்பதும் உண்டு. தூண்டிற்கோலின்மீது எழுத்துப் பொறித்த வரலாற்றை நாம் தேடிப் படிக்கத் தொடங்கியது இந்த ஐயத்தினாலேயாம். அவ்வாறு படித்தவற்றை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இத்தகைய கோல் நம் மலைநாட்டுக்கு வந்த காரணத்தைக் கூறிவிடுவோம். ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் இலங்கைக்கு உரியதன்று. 1880களிற் பிரித்தானியாவிலிருந்து அதன் முட்டைகள் கொண்டுவரப்பட்டு, நுவரெலியாப் பகுதியிற் குஞ்சு பொரிக்கவைத்து, ஓடைகளில் விடப்பட்டன. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தம் நாட்டு ஆற்றங்கரைப் பொழுதுபோக்கை இங்கும் அனுபவிக்க விரும்பிய துரைமார் மீனையும் கொண்டுவந்தனர். அதனைப் பிடிக்கும் கோலையும் தருவித்தனர். இறகினாலும் நூலினாலும் ஈயைப்போலக் கட்டிய போலி இரையை, நீண்ட பாரமான நூலின் உதவியால் நீரின்மேல் வீசிப் பிடிக்கும் முறை அவர்களுடையது. அம்முறைக்கு வில்லைப்போல வளைந்து, வளைந்த வேகத்திலேயே நிமிர்கின்ற கோல் வேண்டும். அதனைச் செய்வதற்கே மூங்கிலைப் பிளந்து ஒட்டும் கலை தோன்றியது.

அக்கலையின் தொடக்கத்தைக் கூறுவோர் வழக்கமாகச் சாமுவேல் பிலிப்பி என்பவரின் பெயரைக் குறிப்பிடுவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில் வாழ்ந்த இவர், துப்பாக்கி செய்பவர், வயலினும் செய்தவர். 1840களில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல்நுனிகளை இவர் செய்தார். பின்னர், 1870களில், மேய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரைச் சேர்ந்த ஹைரம் லெனார்ட் ஆறு சிலாகைக் கோலை ஒழுங்கான தொழிலாக வளர்த்தெடுத்தார். இவரும் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரே. இங்கிலாந்தின் வடபகுதியில், அனிக் என்னும் சிற்றூரில், 1872இல் வில்லியம் ஹார்டி தொடங்கியதும் துப்பாக்கிக் கடையேயாகும். அவருடைய சகோதரரும் இணைந்துகொள்ள, அக்கடையே பின்னர் உலகப் புகழ்பெற்ற தூண்டிற்கோற் கம்பனியாக வளர்ந்தது.

மூவரும் துப்பாக்கித் தொழிலோடு தொடர்புடையோராக இருந்தமை கவனத்திற்குரியது. துப்பாக்கியின் உலோகப் பகுதியிற் செய்தவன் தன் பெயரை வெட்டிவைப்பது அத்தொழிலின் நெடுநாள் வழக்கம். வெடிக்கக்கூடிய கருவிக்குச் செய்தவனே பொறுப்பாளி. பெயர் அப்பொறுப்பின் அடையாளம். தூண்டிற்கோலிலும் தொடக்ககாலத்துப் பெயர்கள் பெரும்பாலும் உலோகத்திலேயே, அதாவது கைப்பிடியின் அடிப்பூணிலும் நூலுருளையைப் பொருத்தும் இடத்திலும், உளியாலும் அச்சாலும் பொறிக்கப்பட்டன. துப்பாக்கிப் பட்டறையின் பழக்கமே கோற் பட்டறைக்கும் வந்தது என்று கொள்வது பொருந்தும்.

இனி, அப்பெயருக்குப் பின்னால் இருந்த உழைப்பு எத்தகையது என நோக்குவோம். முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, பல மாதம் உலரவைத்து, நீளவாக்கிற் பிளக்கவேண்டும். கணுக்களை அரத்தால் மட்டஞ்செய்து, வளைந்த இடங்களை நெருப்பில் வாட்டி நிமிர்த்தவேண்டும். ஒவ்வொரு சிலாகையையும் முக்கோண வடிவில், ஒவ்வொரு கோணமும் 60 பாகையாக அமைய, அடியிலிருந்து நுனிவரை சீராக மெலிந்துசெல்லுமாறு சீவுளியால் இழைக்கவேண்டும். அளவுகள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணிக்கப்படும். ஓர் அடித்துண்டும் இரண்டு நுனித்துண்டும் கொண்ட ஒரு கோலுக்கு 18 சிலாகைகள் தேவை. ஆறாறாகச் சேர்த்து வச்சிரத்தால் ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, காய்ந்தபின் நூலை அவிழ்த்துத் துப்புரவு செய்து, பூண்களைப் பொருத்தி, நூல் ஓடும் வளையங்களைப் பட்டுநூலாற் சுற்றிக்கட்டி, மீண்டும் மீண்டும் வார்னிஷ் பூசவேண்டும். இத்தனையும் முடியும் தறுவாயில், கடைசி வார்னிஷ் பூச்சுக்கு முன்னரே எழுத்து வருகிறது. உழைப்பின் கடைசிப் படியிலே, ஒரு சில நிமிட வேலையாக, அப்பொருள் யாருடையது என்பது தீர்மானிக்கப்படுகிறது.

லெனார்ட்டின் பட்டறை வரலாறு இவ்விடத்திற் பெரிதும் பயன்படுகின்றது. சிலாகைகளைச் சரிவாக வெட்டும் பொறியொன்றை அவர் அமைத்தார். அதன் இரகசியம் வெளியே போய்விடாதவாறு, அப்பொறியைப் பூட்டிய அறையிலே வைத்திருந்தார் என்பது அத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் பலரும் கூறும் செய்தி. 1881இல் பட்டறை நியூயோர்க் மாநிலத்துச் சென்ட்ரல் வலிக்கு இடம்பெயர்ந்தது. விற்பனை, வில்லியம் மில்ஸ் அண்ட் சன் என்னும் நியூயோர்க் வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. கோலின் உலோகப் பகுதியில் லெனார்ட்டின் பெயரோடு விற்பனையாளரின் பெயரும் பொறிக்கப்பட்டது. ஆனால் அக்கோல்களை நாள்தோறும் செய்த எட்வர்ட் பெய்ன், பிரெட் தோமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ் ஆகியோரின் பெயர்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

1890 அளவில் இம்மூவரும் வெளியேறிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். அவர்கள் செய்த கோல்களும் 'கொஸ்மிக்' என்ற வணிகப் பெயரிலேயே சந்தைக்கு வந்தன. பின்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே பிரிந்து, தத்தம் பெயரிற் பட்டறை வைத்தபோதுதான் தோமஸ் கோல், எட்வர்ட்ஸ் கோல், பெய்ன் கோல் என்ற பெயர்கள் உலகுக்குத் தெரியவந்தன. செய்த கை தன் பெயரை எழுதுவதற்கு அதுவே ஒரு பட்டறையின் உடைமையாளனாக மாறவேண்டியிருந்தது. மாற முடியாதவர்களின் பெயர்கள் என்னவாயின? அப்படி மாறிய பெய்னின் பட்டறையிலேயும் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள் அல்லவா?

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். ஹைரம் லெனார்ட் 1907இல் இறந்தார். ஆயினும், அவர் பெயரைத் தாங்கிய கோல்கள் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் வெளிவந்துகொண்டேயிருந்தன. உயிரோடிருந்தவர்கள் செய்த கோலுக்கு இறந்துபோனவரின் பெயர் இடப்பட்டது. தொடக்கத்தில் 'இதனைச் செய்தவன் நான். குற்றமிருப்பின் என்னிடம் வருக' என்று சொன்ன பெயர், விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக மாறியதையே இது காட்டுகின்றது.

இம்மாற்றத்துக்குப் பெரிதும் துணைநின்ற சிறு கருவிதான் ஒட்டெழுத்து. டிகால் என்றும் ட்ரான்ஸ்பர் என்றும் வழங்கும் இதன் வரலாறு தூண்டிற்கோலுக்கு வெகுமுன்னரே தொடங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலில், செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ வெட்டிய சித்திரத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அக்காகிதத்திலிருந்து பாண்டத்துக்கு மாற்றும் முறை பரவியது. லிவர்பூல் நகரத்து ஜோன் சட்லர், கை கிரீன் என்னும் இருவர், 1756 ஜூலை 27ஆம் நாள், வேறெவருடைய உதவியுமின்றி ஆறு மணிநேரத்தில் 1,200 ஓடுகளுக்கு மேல் அச்சிட்டு முடித்ததாகச் சத்தியக் கடதாசி கொடுத்தனர். தேர்ந்த சித்திரக்காரர் நூறுபேர் அதே நேரத்திற் செய்யக்கூடியதைவிட இது அதிகம் என்பது அவர்களுடைய வாதம். அந்த நூறு சித்திரக்காரரின் வாழ்வு என்னவாகும் என்பது அக்கடதாசியில் எழுதப்பட்டிருக்கவில்லை.

நூற்றாண்டின் இறுதியிற் செனபெல்டர் என்னும் ஜேர்மானியர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். 19ஆம் நூற்றாண்டில் அது வளர்ந்து, பல வர்ணங்களில் மலிவாக அச்சிடும் வசதி வந்தபின், ஒட்டுப்படம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மோகமாகவே பரவியது. 1860களில் வசதிபடைத்தோர் வீடுகளிற் சாடிகளிலும் பெட்டிகளிலும் அதனை ஒட்டி அலங்கரித்தனர். பொழுதுபோக்கு ஓய்ந்ததும் தொழிற்சாலை அதனை எடுத்துக்கொண்டது. துவிச்சக்கர வண்டி, தட்டச்சுப் பொறி, தையல் இயந்திரம் ஆகியவற்றின் உடம்பிலே கம்பனிப் பெயர்கள் பொன்னெழுத்தில் ஒளிவீசத் தொடங்கின.

நமது வீடுகளிலே பாட்டிமார் காலந்தொட்டு இருந்துவரும் சிங்கர் தையல் இயந்திரத்தை வாசகர் நினைவுகூர்க. கறுத்து மினுங்கும் அதன் முதுகிலுள்ள பொன்னிற எழுத்தும் கொடிக்கோலமும் தூரிகையால் எழுதப்பட்டவை அல்ல, ஒட்டெழுத்துக்களே. அவ்வியந்திரங்கள் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில், 1911 மார்ச் மாதத்தில், மரப்பெட்டிகளை மெருகிடும் பெண்கள் பன்னிருவர் தம்மீது சுமத்தப்பட்ட மேலதிக வேலையை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 11,000 தொழிலாளர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. பொன்னெழுத்து நம் பாட்டிமாரிடம் கம்பனியின் பெயரை மட்டுமே கொண்டுவந்து சேர்த்தது. அப்பன்னிருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒட்டெழுத்து வேலைசெய்யும் முறை எளிது. காகிதத்தின்மேல் நீரிற் கரையும் பசை பூசப்படும். அதன்மேல் மெல்லிய அரக்குப் படலத்தில் எழுத்து அச்சிடப்படும். தேவையான துண்டை வெட்டி நீரில் நனைத்தாற் பசை இளகும். படலம் காகிதத்தைவிட்டு வழுக்கிவரும். அதனைக் கோலின் பட்டையில் இருத்தி, மென்துணியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி ஒற்றி, நீரையும் காற்றையும் வெளியேற்றவேண்டும். காற்றுத் தங்கிவிட்டால் அவ்விடம் வெள்ளி படர்ந்ததுபோல் வெளிறித் தோன்றும். படலம் பட்டையின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தாலும், மூலையில் மடிந்து நாளடைவில் வெடித்துவிடும். நன்கு உலர்ந்தபின் வார்னிஷ் பூசினால், எழுத்து கோலோடு பிறந்ததுபோலவே காட்சியளிக்கும்.

இதற்குக் கவனம் வேண்டும். ஆனால் எழுத்துக்கலை வேண்டியதில்லை. பெயரை எழுதத் தெரிந்தவன் தேவையில்லை. ஒட்டத் தெரிந்தவர் போதும். அதைவிட முக்கியமானது, எந்தப் பெயரையும் எந்தக் கோலிலும் ஒட்டலாம் என்பதே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து மொன்டேகு கம்பனி மூங்கிற் கோல்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்தது. ஒரே தொழிற்சாலையிற் பிறந்த கோல்கள், வாங்கிய மொத்த வியாபாரிகளினதும் இரும்புக்கடைகளினதும் பெயர்களைத் தாங்கிப் பல ஊர்களில் விற்பனையாயின. பெய்ன் பட்டறையின் உயர்ந்த கோல்களிற்கூட, அவற்றை விற்ற அபர்குரொம்பி அண்ட் பிட்ச் என்னும் நியூயோர்க் கடையின் பெயர் இடம்பெற்றது. 1960களிற் சியர்ஸ் என்னும் பெருங்கடை, டெட் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்போல் வீரரின் பெயரையிட்டுத் தூண்டிற் சாதனங்களை விற்றது. அவர் சிறந்த தூண்டிற்காரர் என்பது உண்மையே. ஆயினும் அச்சாதனங்களை அவர் தம் கையாற் செய்யவில்லை. இவ்வாறு பெயர் செய்தவனிடமிருந்து முதலாளிக்கும், முதலாளியிடமிருந்து வியாபாரிக்கும், வியாபாரியிடமிருந்து விளம்பரத்துக்கும் கைமாறிச் சென்றது.

மனிதருக்கிடையிலான உறவு, பண்ட உற்பத்தியில், பொருள்களுக்கிடையிலான உறவுபோல் மாறித் தோற்றமளிக்கிறது என்பதை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்தில், 1867இல், விளக்கினார். இக்கருத்தை மாணவர்க்கு விளங்கவைப்பது கடினம் என்று ஆசிரியர் பலரும் கூறுவர். ஒட்டெழுத்தை எடுத்துக்காட்டினால் ஓரளவு எளிதாகும் என்பது எமது எண்ணம். கடைக்காரன் முன்னால் இருப்பது ஒரு கோலும் ஒரு பெயரும் ஒரு விலையும் மட்டுமே. அக்கோலைச் சூழ்ந்துநின்ற மனிதர் அனைவரும் அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோயினர்.

மறைந்தோருட் சிலரையாவது இங்கு நினைவுகூர்வோம். வளையங்களைப் பட்டுநூலாற் சுற்றும் வேலை, ஆங்கில, அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் பெரும்பாலும் பெண்களுக்கு உரியதாக இருந்தது. ஓர் இழையும் மற்றோர் இழைமீது ஏறாமல், முடிச்சு வெளியே தெரியாமல், நாள் முழுவதும் சுற்றவேண்டும். எழுத்துக்கு மேலும் கீழும் அழகிய எல்லைக்கோடுபோல் அமைவது அப்பட்டுநூற் கட்டுத்தான். கண்ணாடிபோன்ற வார்னிஷின் கீழே அவர்களுடைய கைவேலை இன்றும் கிடக்கிறது; பெயர் இல்லை.

மூங்கிலை விளைவித்தோரின் நிலையும் இதுவே. தொடக்கத்தில் இத்தொழிலுக்குப் பயன்பட்டது இந்தியாவிலிருந்து சென்ற மூங்கில். அதற்குக் 'கல்கத்தா' என்று பெயரிட்டனர். கல்கத்தா அது வளர்ந்த காடன்று, ஏற்றிய துறைமுகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தைப் பிடித்த, வலிமைமிக்க சீன மூங்கிலுக்கோ 'டொங்கின்' என்று பெயர். டொங்கின் என்பது வட வியட்நாம். அம்மூங்கில் அங்கே விளைவதில்லை. தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், சூய் ஆற்றை அண்டிய மலைச்சரிவுகளில் விளைவது. அங்குள்ள மக்கள் அதனைத் தேயிலைத்தண்டு மூங்கில் என்ற பொருள்பட அழைப்பர். கன்ரன் நகரத்து லிங்னான் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மக்ளூர் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர், 1931இல் அதற்கு 'அமாபிலிஸ்' என்ற இலத்தீன் பெயரைச் சூட்டினார். விரும்பத்தக்கது, அழகியது என்பது அதன் பொருள். விவசாயிகள் மலைச்சரிவில் வெட்டி, மணலிட்டுத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, கட்டுக்கட்டாக ஆற்றுவழியே அனுப்பிய மூங்கிலுக்கு வணிகர் ஒரு பெயரிட்டனர்; விஞ்ஞானி ஒரு பெயரிட்டார். வெட்டியவரின் பெயரைக் கேட்டவர் யார்?

கோலில் எழுதப் பயன்படும் மையைக்கூட ஆங்கிலேயர் 'இந்திய மை' என்றனர். புகைக்கரியிலிருந்து செய்யும் அந்த மையைச் சீனர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். பிரெஞ்சுக்காரர் அதனைச் 'சீன மை' என்றே சொல்வர். ஏகாதிபத்திய வணிகம் பொருள்களுக்குப் பெயரிட்ட முறை அத்தகையது.

அந்தப் பெயரற்ற உழைப்பு எத்துணை இன்றியமையாதது என்பது 1950 டிசம்பரில் வெளிப்பட்டது. கொரிய யுத்தத்தின்போது அமெரிக்கா சீனாவுடனான வாணிபத்தைத் தடைசெய்தது. தடை 1971வரை நீடித்தது. சேமித்துவைத்த மூங்கிலைக்கொண்டு சிலர் சமாளித்தனர்; பலர் தொழிலைக் கைவிட்டனர். அதே காலத்தில் இரண்டாம் உலக யுத்தத்தின் பின் தோன்றிய கண்ணாடியிழைக் கோல்கள் சந்தையை நிரப்பின. அவை மலிவானவை, எண்ணிறந்தவை. 1970களிற் கரியிழைக் கோல் அவற்றையும் பின்தள்ளியது. இன்று உலகச் சந்தைக்குப் போகும் கோல்களிற் பெரும்பங்கு சீனாவிலே, குறிப்பாக ஷாங்டொங் மாகாணத்து வெய்ஹாய் நகரிலும் அதன் சூழலிலும், உற்பத்தியாகின்றது. ஒரே தொழிற்சாலை பல கம்பனிகளின் பெயரில் உற்பத்தி செய்வது இன்றும் வழக்கம். மூங்கில் போயிற்று; முறை போகவில்லை.

இவ்வாறு கூறுவதனால் இயந்திரத்தையும் ஒட்டெழுத்தையும் நாம் நொந்துகொள்வதாக எவரும் கருதிவிடலாகாது. கையால் இழைத்த கோல் செல்வருக்கு மட்டுமே எட்டியது. ஷெபீல்டின் உருக்குத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றங்கரையில் அமரும்போது அவன் கையில் இருந்தது மலிவான தொழிற்சாலைக் கோலே. பழைய பட்டறையின் இருளுக்குத் திரும்புவது எந்த உழைப்பாளிக்கும் விடுதலையன்று. எமது வினா வேறு. ஒருவர் செய்ததை ஆயிரம்பேருக்கு எட்டச்செய்யும் அதே இயந்திரம், செய்தவர் ஆயிரவரின் பெயரை அழித்து ஒரு பெயரை ஒட்டுவது ஏன்? அது இயந்திரத்தின் இயல்பன்று. இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதன் விளைவு.

கையால் எழுதும் வழக்கம் முற்றாக மறைந்துவிடவுமில்லை. நியூயோர்க்குக்கு அண்மையில் வாழ்ந்த எவரெட் கரிசன் என்னும் பொறியியலாளர், ஓய்வுநேரத்தில் ஒவ்வொரு கோலையும் தாமே செய்து, தம் பெயரைத் தம் கையாலேயே அதன்மீது மையால் எழுதினார். வளைவின் கணக்குகளை எல்லாம் போட்டுப் பார்த்துச் செய்தவர் அவர். 1975இல் அவர் மறைந்தார். அவர் அறிந்தவற்றையெல்லாம் திரட்டி, ஹோகி கார்மைக்கேல் என்பவர் 1977இல் நூலாக வெளியிட்டார். லெனார்ட்டின் பூட்டிய அறைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், அவ்வறையின் இரகசியம் காசு கொடுத்து நூல் வாங்கக்கூடிய எவருக்கும் திறந்துவிடப்பட்டது.

அந்நூலைப் படித்துப் பல நாடுகளிலும் சாதாரண மனிதர் தம் வீட்டுக் கொட்டிலிற் கோல் செய்யத் தொடங்கினர். 1961இல் லண்டனிலிருந்து வெளிவந்த, தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துத் தாள்களும், பின்னர் கணினியோடு வந்த வீட்டு அச்சுப்பொறிகளும் அவர்களுக்கு உதவின. ஒட்டெழுத்துத் தாளில் தன் பெயரையே அச்சிட்டு, மை கரையாதவாறு மெல்லிய பூச்சிட்டு, நீரில் நனைத்துத் தன் கோலில் ஒட்டுகிறான் ஒருவன். செய்தவனின் பெயரை மறைப்பதற்குத் தொழிற்சாலையிற் பயன்பட்ட அதே சாதனம், அவன் கையில் செய்தவனின் பெயரைச் சொல்வதற்குப் பயன்படுகிறது. இது சந்தையை மாற்றிவிடாது. ஓய்வு உடையோரின் பொழுதுபோக்கே இது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், தான் செய்ததைத் தன்னுடையது என்று சொல்லும் ஆசை மனிதனிடம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை இது காட்டுகிறதல்லவா?

இனி, எமது மேசைமீதிருந்த கோலுக்கு வருவோம்.

மலையகத் தோட்டங்களிற் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரைப் பேர். மனிதரின் பெயரே கூலியின் அளவாகிப்போன உலகம் அது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்களுடைய பெயர்கள் நீங்கின. நண்பரின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். துரையின் பெயரைத் தாங்கிய கோலைப் பல ஆண்டுகள் சுமந்த அம்மனிதருக்கு, அவர் பிறந்த நாட்டின் இடாப்பிலே பெயர் இருக்கவில்லை.

இதனை நண்பரோடு நெடுநேரம் பேசினோம். இறுதியில், கம்பனியின் பெயரைப் புதிதாக எழுதுவதில்லை என்றும், எஞ்சியிருக்கும் எழுத்துக்கள் உரிந்துவிடாமற் பாதுகாப்பது மட்டுமே போதும் என்றும் முடிவுசெய்தோம். துரையின் பெயரையும் அழிக்கவில்லை, அதுவும் வரலாறுதானே. வெறுமையாயிருந்த மூன்றாவது பட்டையிற் பாட்டனாரின் பெயரை எழுதத் துணிந்தோம்.

முதல்முறை கடையில் வாங்கிய, அழியாதெனக் கூறப்படும் மைப்பேனாவால் எழுதினோம். வார்னிஷ் பட்டதும் எழுத்துக் கலைந்து நீலப் புகையாய்ப் பரவிற்று. துடைத்துவிட்டு, இடத்தை மிக நுண்ணிய அரத்தாளால் இலேசாகத் தேய்த்து, கைப்பட்ட எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, தொட்டெழுதும் பேனாவும் கரிமையும் கொண்டு மீண்டும் எழுதினோம். எட்டு மில்லிமீற்றர் அகலமும் இல்லாத பட்டையிலே தமிழெழுத்தின் கொம்பையும் சுழியையும் அடக்குவது எளிதன்று. ஒருநாள் உலரவிட்டு, மெல்லிய வார்னிஷ் பூசினோம். இம்முறை எழுத்து அசையவில்லை. நண்பர் கோலை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, பெயரை ஒருமுறை உரக்க வாசித்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

கோலின் ஆறு பட்டைகளில் மூன்று இன்னும் வெறுமையாகவே உள்ளன. சூய் ஆற்றங்கரையில் அம்மூங்கிலை வெட்டியவர், அதனைச் சீவியவர், பட்டுநூல் சுற்றிய பெண் ஆகியோரின் பெயர்கள் எமக்குத் தெரியா. தெரியாத பெயரை எழுத இயலாது. ஆனால் அவ்விடம் வெறுமையாயிருப்பதைக் காணும் கண்ணையாவது நாம் பெற்றாகவேண்டும். வகுப்பறை மேசையிலே மாணவர் தம் பெயரைச் செதுக்கிவிட்டார்கள் என்று நாம் அடிக்கடி சினந்துகொள்கிறோம். இனி அவ்வாறு சினப்பதற்குமுன், அம்மேசையைச் செய்த தச்சரின் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுப்பார்ப்போம். வரலாற்றுப் பாடத்தை அந்த வினாவிலிருந்தே தொடங்கலாம்.